மூன்று மணி நேரமும் உழைப்புதான்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3 அன்று, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தில், நாடெங்கும் மேடைகள் போடப்படுகின்றன. சக்கர நாற்காலிகளும் காதொலிக் கருவிகளும் வழங்கப்படுகின்றன. அமைச்சர்கள் கருணை பற்றிப் பேசுகிறார்கள். அந்த மேடைகளில் அரிதாகவே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. ஆட்டிசத்துடனோ, அறிவுசார் குறைபாட்டுடனோ, மூளை முடக்குவாதத்துடனோ வளரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை, பள்ளிப் பருவம் முடிந்த மறுநாள் காலையில் எங்கே போவது?

பெரும்பாலான குடும்பங்களில் இதற்கான விடை வீட்டின் ஒரு மூலைதான். அந்தப் பிள்ளையுடன் அவன் தாயும் அந்த மூலைக்குள் அடைபடுகிறாள். அவனால் நாள் முழுவதும் வேலை செய்ய இயலாதிருக்கலாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் அவனுக்குப் பொருந்திய வேலையைச் செய்ய இயலும். அந்த வேலையைக் கண்டுபிடிப்பதும், அதற்கு உரிய கூலியைப் பெற்றுத் தருவதும் பெற்றோரின் சொந்தக் கவலை என்று நாமும் விட்டுவிடுகிறோம். இது உழைப்புரிமை பற்றிய கேள்வி. ஆகவே தொழிற்சங்கங்களின் கேள்வி, நம் இயக்கத்தின் கேள்வி.

கற்றுத்தரத் தெரிந்த நகரம்

நான் வாழும் கொல்கத்தா, மாற்றுத்திறனாளிகளின் கல்வியில் நீண்ட வரலாறு உடைய நகரம். காது கேளாதோருக்கான பள்ளி இங்கு 1893இல் தொடங்கப்பட்டது. பார்வையற்றோருக்கான பள்ளி 1897இல் தொடங்கப்பட்டது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1974இல் உருவான அமைப்பு, தாராதலாவில் இன்று இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் செரிப்ரல் பால்சி என்னும் பெயரில் நாடறிந்த நிறுவனமாக விளங்குகிறது. கற்றுத்தர அறிந்த இந்நகரம், கற்றவனுக்கு வேலை தர மட்டும் இன்னும் அறியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மேற்கு வங்கத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. நாடு முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேர். 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தோர் 22.8 சதவீதம் மட்டுமே. அனைத்து வகைக் குறைபாடுகளையும் சேர்த்த கணக்கு இது. கைகால் குறைபாடோ பார்வைக் குறைபாடோ உள்ளவர்களைவிட, அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு வேலைச் சந்தையின் கதவு இன்னும் இறுக்கமாகவே மூடியிருக்கிறது என்பதை அக்குடும்பங்களோடு பழகிய எவரும் அறிவர்.

சட்டம் தந்ததும் தராததும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. அது பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களுக்கே கிடைத்தது. மூளை முடக்குவாதம் உடல் இயக்கக் குறைபாட்டோடு சேர்க்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு அச்சட்டத்தின் விளக்கப் பட்டியலில் இருந்தது, வேலை ஒதுக்கீட்டில் இல்லை. 'நீ மாற்றுத்திறனாளிதான், ஆனால் உழைப்பாளி அல்ல' என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டமே அவர்களிடம் சொல்லி வந்தது.

நாடு முழுவதும் மாற்றுத்திறனாளிகள் நடத்திய போராட்டங்களின் விளைவாக வந்த 2016ஆம் ஆண்டின் சட்டம் இதை ஓரளவு திருத்தியது. ஒதுக்கீடு 4 சதவீதமாயிற்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், இவற்றோடு பலவகைக் குறைபாடு உள்ளவர்கள் என எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம் கிடைத்தது. ஆனால் அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு இலவசக் கல்விக்கு வகுக்கும் எல்லை 18 வயது. தனியார் துறையைப் பற்றிய 35ஆம் பிரிவு, தொழிலாளரில் 5 சதவீதத்தினராவது மாற்றுத்திறனாளிகளாக இருப்பதை உறுதிசெய்ய முதலாளிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தரலாம் என்கிறது. அதுவும் அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு. முதலாளிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை நம் தொழிற்சங்கத் தோழர்கள் மனப்பாடமாக அறிவர். ஆயினும் அதன் 26ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு நம் கூட்டங்களில் விவாதிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை. மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்குத் தரப்படும் கூலிக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அரசு ஆணையிடலாம் என்பதாகவே அவ்வுட்பிரிவு இருந்தது. எல்லா உழைப்பாளருக்கும் ஒரு கூலித்தளத்தை அமைத்த சட்டம், அந்தத் தளத்திலிருந்து ஒரு பகுதியினரைக் கீழே இறக்கிவிட ஒரு படிக்கட்டையும் கட்டி வைத்தது. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாய உழைப்புத் தரச் சட்டத்திலும் இதே போன்ற விதி உண்டு. முதலாளித்துவம் எந்த நாட்டிலும் ஒரே கணக்கையே போடுகிறது. பிறரைப் போல விரைந்து உற்பத்தி செய்ய முடியாதவனின் ஒரு மணி நேரம் மலிவானது என்பதே அந்தக் கணக்கு.

எது பொருத்தமான வேலை?

தென் கொல்கத்தாவில் வசிக்கும் நம் தோழர் ஒருவரின் மகனுக்கு வயது 17. ஆட்டிசம் உள்ளவன். அதிகம் பேசமாட்டான். ஆனால் நகரின் பேருந்துத் தட எண்கள் அனைத்தும் அவனுக்குத் தெரியும். செய்தித்தாள்களைத் தேதி வாரியாக அடுக்குவான். ஒரு தாள் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டருகே ஒரு சிற்றுண்டிக் கடையில் 'பயிற்சி' என்று சேர்த்துக்கொண்டார்கள். மாவரைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், ஒரே நேரத்தில் பத்துப் பேர் தரும் ஆணைகள். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். 'இவனுக்கு வேலை சரிப்படாது' என்ற முடிவுக்கு வீடும் வந்துவிட்டது.

பின்னர் ஒரு தோழரின் முயற்சியால் காலேஜ் ஸ்ட்ரீட் பகுதியில் ஒரு சிறு புத்தகக் கட்டுமானக் கூடத்தில் இடம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள், காலை 11 மணி முதல் 2 மணி வரை. அச்சிட்ட தாள்களை எண்ணி, வரிசை பார்த்து, அடுக்க வேண்டும். தாள் வெட்டும் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது. செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். முதல் மாதம் தந்தை கூடவே சென்றார். அதன்பின் அங்கு வேலை செய்யும் ஒரு முதியவர் அவன் வரவையும் போக்கையும் பார்த்துக்கொள்கிறார். அவன் அடுக்கும் கட்டுகளில் பிழை இருப்பதில்லை.

பிள்ளை மாறவில்லை, வேலைதான் மாறியது. பொருத்தமான வேலை என்பதன் பொருள் இதுவே. பிள்ளைக்கு எதில் மனம் ஊன்றுகிறது, எந்த ஒலியும் ஒளியும் கூட்டமும் அவனை வதைக்கின்றன, எத்தனை நேரம் சோர்வின்றி இருக்கிறான், வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். பணியிடத்தில் ஒருவரேனும் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். இவற்றைச் செய்யக் கருணை தேவையில்லை, திட்டமிடல் தேவை.

இந்த வயதில் வேலை என்றவுடன் குழந்தை உழைப்புக்கு வழி திறக்கிறோமா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 14 வயதுக்குக் கீழ் வேலை கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. நாம் அதற்கும் ஒரு படி மேலே நிற்க வேண்டும். பள்ளியை விடாமல், பதினாறு வயதுக்குப் பின், வாரத்தில் சில மணி நேரம், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்த இடத்தில் மட்டுமே இந்த வேலை அமைய வேண்டும். பிற பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து உலகைப் பழகும் வயது அது. இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கும் உலகுக்கும் நடுவே படிகள் இல்லை. 18 வயதில் ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோவதைவிட, அதற்கு முன்பே ஒவ்வொரு படியாக வெளியே வருவது நல்லது.

அந்தப் புத்தகக் கூடத்தின் கதை இங்கே முடியவில்லை. அவனுக்குத் தரப்படும் கூலி, அதே வேலையைச் செய்யும் மற்றவரின் ஒரு மணி நேரக் கூலியில் பாதிதான். எண்ணுவதில் அவன் அவர்களுக்குப் பின்தங்கியவன் அல்லன். ஏன் கேட்கவில்லை என்றேன். 'கேட்டால் உள்ளதும் போய்விடும்' என்றார் தாய். இந்த அச்சத்தை நாம் நன்கு அறிவோம். எட்டு மணி நேர வேலைக்காக முதலில் கொடி பிடித்த தொழிலாளர்களின் வீடுகளிலும் இதே சொற்கள்தாம் ஒலித்திருக்கும்.

முடிவில்லாத பயிற்சி

இந்தத் துறையில் 'பயிற்சி' என்னும் சொல்லை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். பயிற்சிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவில் வேலை இருக்க வேண்டும். ஆனால் சிறப்புத் தேவையுள்ள இளைஞர்கள் பலர் பதினெட்டு வயதில் பயிற்சியாளராகச் சேர்ந்து முப்பது வயதிலும் பயிற்சியாளராகவே இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் மெழுகுவத்தியும் காகிதப் பையும் சந்தையில் விற்கின்றன. அவர்கள் கைக்கு வருவது தேநீர்ச் செலவும் பேருந்துக் கட்டணமும் மட்டுமே. விற்கும் பொருளைச் செய்பவர் தொழிலாளி. அவர் பெறுவதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர் சூட்டினால் அவர் தொழிலாளி அல்லாமல் ஆகிவிட மாட்டார்.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் மினு புதியா தொடங்கிய 'கஃபே ஐகேன்ஃப்ளை' சிறப்புத் தேவையுள்ள இளைஞர்களைப் பணியில் அமர்த்தியுள்ளது. 2017இல் கர்நாடகத்தின் ஹூப்ளியில் தொடங்கிய 'மிட்டி கஃபே', 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே கடை திறந்தது. கொல்கத்தா பாவ்லவ் மனநல மருத்துவமனையில் 'அஞ்சலி' என்னும் அமைப்பின் முயற்சியால் உருவான 'தோபி கர்' சலவைக்கூடமும் 'சா கர்' தேநீர்க் கடையும் மனநோயிலிருந்து மீண்டு வருவோருக்கு வேலை தந்தன. இவற்றைப் பாராட்ட வேண்டும். ஆனால் 20 லட்சம் பேர் வாழும் மாநிலத்துக்குச் சில தேநீர்க் கடைகள் விடையாக முடியாது. அந்தச் சலவைக்கூடத்திலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இடம் தந்தது அரசு மருத்துவமனை. துவைக்க வேண்டிய துணிகளும் மருத்துவமனையுடையவை. நிலையான பொது வேலை இருக்கும் இடத்தில்தான் நிலையான கூலியும் இருக்க முடியும்.

இத்தாலியில் இதை ஒரு சட்டமாகவே ஆக்கினார்கள். மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியாவின் தலைமையில் திரியெஸ்த் நகரில் மனநோய் விடுதிகளின் கதவுகள் திறக்கப்பட்டபோது, உள்ளே கூலியின்றி உழைத்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் உழைப்புக்குக் கூலி கேட்டார்கள். அவ்வழியில் 1991இல் வந்த 381ஆம் எண் சட்டம் சமூகக் கூட்டுறவுகளுக்கு ஏற்பளித்தது. வேலை தருவதற்கென அமையும் கூட்டுறவுகளில் குறைந்தது 30 சதவீதத்தினர் மாற்றுத்திறனாளிகள் முதலான பின்தள்ளப்பட்டோராக இருக்க வேண்டும். நகராட்சிகள் அவற்றுக்கு நேரடியாகப் பணி ஒப்பந்தம் தரலாம். கூட்டுறவு இயக்கத்தில் நெடிய அனுபவம் உள்ள நமக்கு இது தொலைவான கனவாக இருக்க வேண்டியதில்லை.

ஊதியம் என்னும் சொல்

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாடல், பிறப்பில் எட்டு வகை எச்சங்களைப் பட்டியலிடுகிறது. கூன், குறள், ஊமை, செவிடு ஆகியவற்றோடு அறிவு மயங்கிய 'மருள்' என்னும் நிலையும் அதில் அடங்கும். இப்பிறப்புகளால் 'ஊதியம்' இல்லை என்று முன்னோர் கூறியதாகப் பாடல் சொல்கிறது. அங்கே ஊதியம் என்பதற்குப் பயன் என்று பொருள். இன்று அச்சொல்லுக்கு உழைப்பின் கூலி என்று பொருள். ஈராயிரம் ஆண்டுகளில் சொல்லின் பொருள் மாறியது, ஆனால் சமூகத்தின் தீர்ப்பு மாறவில்லை. பயன் இல்லை என்று அன்று சொல்லப்பட்டவர்களுக்குக் கூலி இல்லை என்று இன்று சொல்கிறோம்.

யார் பயனுள்ளவர் என்று தீர்மானிப்பது உடலா, சமூகமா? 1920களில் சோவியத் உளவியலறிஞர் லேவ் வைகோத்ஸ்கி இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். குறைபாட்டைவிட, அதன் காரணமாகச் சமூகம் அந்தக் குழந்தைக்கு ஒதுக்கும் இடமே அதன் வளர்ச்சியைப் பெரிதும் முடக்குகிறது என்றார். சிறப்புப் பள்ளி வாழ்க்கையிலிருந்து துண்டித்த ஒரு சிறு உலகமாக ஆகிவிடக் கூடாது, அது உழைப்போடும் சமூகத்தோடும் இணைந்திருக்க வேண்டும் என்றார். 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதிய மார்க்ஸ், திறன் வேறுபட்ட மனிதர்களை ஒரே அளவுகோலால் அளக்கும் 'சம உரிமை' உண்மையில் சமமின்மையே என்று காட்டினார். அந்த வரிகளை வகுப்புகளில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். அவை இந்தப் பிள்ளைகளையும் பற்றியவை என்று விளக்கியது குறைவு.

தோற்றத்தைக் கண்டு ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கும் பழக்கம் எத்தகையது என்பதைக் கொல்கத்தாவே அறியும். மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுபவர். 2012 பிப்ரவரியில் கோவாவில் ஒரு மாநாட்டில் பங்கேற்கச் சென்றபோது, கொல்கத்தா விமான நிலையத்தில், ஏறி அமர்ந்த விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். தன் பணியின் பொருட்டுப் பயணம் செய்யும் ஒரு பெண்ணை, பயணம் செய்யத் தகுதியற்றவராக அவர்கள் பார்த்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வேலை கேட்டு வரும் பிள்ளையை ஒரு பார்வையில் திருப்பி அனுப்பும் முதலாளியின் செயலும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அதற்கு வழக்கு இல்லை, இழப்பீடும் இல்லை.

தமிழ்நாடு காட்டிய வழி

நேரம் குறைந்தால் கூலியும் குறையத்தானே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விடை நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழு நாள் கூலி தர வேண்டும் என்று 2012இல் அரசாணை எண் 52 வெளிவந்தது. அது ஏட்டளவில் நின்றுவிடாமல் காக்க, தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் ஒன்றிய அலுவலகங்களின் முன் மீண்டும் மீண்டும் போராட வேண்டியிருந்தது. ஒருவரின் நான்கு மணி நேர உழைப்புக்கு இன்னொருவரின் எட்டு மணி நேரம் அளவு உழைப்பு தேவைப்படுகிறது என்பதை ஓர் அரசாணை ஏற்றது. அந்தக் கொள்கையைக் கிராமத்து ஏரிக்கரையிலிருந்து நகரத்துப் பணியிடங்களுக்குக் கொண்டுவர வேண்டும். அச்சங்கத்தின் பெயரில் 'பாதுகாப்போர்' என்ற சொல் இருப்பதையும் கவனியுங்கள். பிள்ளை வேலைக்குப் போகும் மூன்று மணி நேரம், பல ஆண்டுகளாகத் தன் வேலையை விட்டு வீட்டிலிருக்கும் ஒரு தாய்க்குத் திரும்பக் கிடைக்கும் மூன்று மணி நேரமும் ஆகும்.

படித்த இளைஞர்களுக்கே வேலை இல்லாதபோது இது எப்படி முடியும் என்று சிலர் கேட்பார்கள். இந்த வாதத்தைப் பெண்களின் வேலையுரிமைக்கு எதிராகவும் கேட்டிருக்கிறோம், இடஒதுக்கீட்டுக்கு எதிராகவும் கேட்டிருக்கிறோம். வேலையின்மையை உருவாக்குவது மாற்றுத்திறனாளிகள் அல்லர். உழைப்பாளரின் ஒரு பகுதியை மலிவாக வைத்திருந்தால், அந்த மலிவு நாளை அனைவரின் கூலியையும் கீழே இழுக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் வலியுறுத்த வேண்டியவை தெளிவானவை. பகுதி நேர வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்பதற்காக அதிலிருந்து விலக்கு அளிக்கும் எந்த விதியும் எந்தச் சட்டத்திலும் இருக்கக் கூடாது. பகுதி நேர வேலை கிடைத்ததைக் காரணம் காட்டி ஓய்வூதியத்தை நிறுத்தக் கூடாது. அந்த ஓய்வூதியமும் மிகச் சிறியது. மேற்கு வங்கத்தின் 'மானபிக்' திட்டம் 2018இல் தொடங்கியபோது தந்தது மாதம் 1,000 ரூபாய். ஒன்றிய அரசின் தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு பல்லாண்டுகளாக 300 ரூபாயிலேயே நிற்கிறது. பணியிடத்தில் உடனிருந்து வேலையைப் பழக்கும் பயிற்றுநர்களை அரசுச் செலவில் நியமிக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் 2,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. புத்தகங்களை எண் பார்த்து அடுக்கும் பணி ஒன்றை ஒவ்வொன்றிலும் பகுதி நேரப் பணியாக உருவாக்கினாலே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு மாறும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மிடம் அச்சகங்கள் உள்ளன, புத்தக நிலையங்கள் உள்ளன, தொழிற்சங்க அலுவலகங்கள் உள்ளன, கூட்டுறவுப் பண்டகசாலைகளிலும் கடன் சங்கங்களிலும் பொறுப்பில் உள்ள தோழர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் இந்த இதழ் மடிக்கப்படுகிறது, உறையிடப்படுகிறது, முகவரி ஒட்டப்பட்டுக் கட்டுகளாக அஞ்சலகம் செல்கிறது. மாறாத வரிசையில் நடக்கும் இவ்வேலைகளில் எதை, யார், எத்தனை மணி நேரம் செய்ய முடியும் என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு பட்டியல் போடுவோம். நம் பகுதியில் உள்ள சிறப்புப் பள்ளியின் ஆசிரியர்களையும் பெற்றோரையும் அழைத்துப் பேசுவோம். மேற்கு வங்கத்தில் பிரதிபந்தி சம்மிலனியும், தமிழ்நாட்டில் மேற்சொன்ன சங்கமும், அகில இந்திய அளவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான தேசிய மேடையும் வழிகாட்ட இருக்கின்றன. எடுக்கும் ஒவ்வொருவருக்கும் முழு மணிக்கூலியை, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துவோம். அவரைச் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ப்போம்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பொருளை ஒரு தோழராவது வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று எழுதி முடித்த ஒரு தீர்மானமாக அது அமையட்டும்.